பொதுவான கேள்விதான், டாக்டர்

பம்மல்,
27 ஜூன் 2025

மிருதுளா மேடம் அவர்களுக்கு,

என் பெயர் ஏசுபாதம். போன சனிக்கிழமை உங்கள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீங்கள் தூக்கி வெளியே போட்ட ஆள். யூடியூபில் உங்கள் வீடியோவுக்குக் கீழே எழுதினேன், அழித்துவிட்டீர்கள். போன் போட்டேன், பிளாக். போன வருஷம் முடக்குவாதக் கையேடு ஒன்று எங்களுக்கு அனுப்பினீர்கள் இல்லையா, அந்தக் கவரின் பின்பக்கம் உங்கள் மாடம்பாக்கம் முகவரி இருந்தது. தபாலை பிளாக் பண்ண முடியாது பாருங்கள், அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி செல்வமேரிக்கு ஒன்பது வருஷமாக முடக்குவாதம். மாதம்தோறும் இரண்டாவது ஞாயிறு நீங்கள் நடத்தும் நேரலையை ஒன்று விடாமல் பார்ப்பவள். சர்ச்சில் இருந்து வந்ததும் வராததுமாக போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் கேள்வி அனுப்புவோம், நீங்கள் படிப்பீர்கள், ஆராய்ச்சி செய்கிற டாக்டர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பொண்ணு நல்லா கேக்குதுங்க, நம்ம வாயில இருக்கறத புடுங்கி கேக்குது என்று உங்களைத்தான் சொல்வாள்.

ஜூன் 8ஆம் தேதி அவள் கேள்வியை நீங்கள் படித்தீர்கள். வலி தாங்க முடியாத நாட்களில் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் வலி மாத்திரையைச் சாப்பிடலாமா என்று. டாக்டர் சத்யபிரியா உடனே பதில் சொல்லவில்லை. "இவங்க வேற ஏதாவது மாத்திரை எடுக்கறாங்களா?" என்று உங்களைத்தான் கேட்டார். வீடியோவில் நாற்பத்தோராவது நிமிஷம், போய்ப் பாருங்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இது பொதுவான கேள்விதான், டாக்டர்" என்றீர்கள். அதற்கப்புறம்தான் அவர், சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாம் என்று சொன்னார்.

என் மனைவிக்கு ஆறு வருஷத்துக்கு முன் இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரையோடு வலி மாத்திரை சேரவே கூடாதாம். இப்போது சொல்கிறார்கள். 19ஆம் தேதி காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஐ.சி.யு.வில் கிடக்கிறாள்.

குரூப்பில் உங்களைக் கொலைகாரி என்று எழுதியதற்கு நீக்கினீர்கள். சரி, அந்த வார்த்தை தப்பு. இன்னும் யாரும் சாகவில்லை. ஜூலை 13 நேரலையில் நடந்ததை நடந்தபடி நீங்கள் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஏசுபாதம்


மாடம்பாக்கம்,
1 ஜூலை 2025

திரு. ஏசுபாதம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. உங்கள் மனைவியின் நிலை அறிந்து மிகவும் வருந்துகிறேன். அவர் சீக்கிரம் நலம்பெற வேண்டும்.

சில விஷயங்களை நான் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் நேரலை மருத்துவ ஆலோசனை அல்ல. இது நிகழ்ச்சி முழுவதும் திரையின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். வருகிறவர்கள் ஆராய்ச்சியாளர்கள். முகம் தெரியாத ஒருவரின் சிகிச்சையைப் பற்றி அவர்கள் பேசக்கூடாது என்பது ஆராய்ச்சி மையம் எங்களுக்கு வைத்திருக்கும் முதல் விதி. அதனால் 'என் மனைவிக்கு' என்று வரும் கேள்வியை நான் 'நோயாளிகளுக்கு' என்று மாற்றித்தான் படிப்பேன். நான்கு வருடங்களாக, நாற்பத்தாறு நேரலைகளில், இப்படித்தான் செய்து வருகிறேன். மாற்றாமல் படித்தால் அவர்கள் பதிலே சொல்ல மாட்டார்கள். மாற்றுவதால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு ஏதாவது ஒரு பதில் கிடைக்கிறது.

என் குறிப்பேட்டில் உங்கள் கேள்வி இப்படி இருக்கிறது: 'செல்வமேரி, பம்மல். வலி அதிகமாகும் நாட்களில் வலி மாத்திரை எடுக்கலாமா?' வால்வு பற்றி இதில் எதுவும் இல்லை. நீங்கள் சொல்லாத ஒன்றை நான் எப்படிக் கேட்டிருக்க முடியும்?

இன்னொன்று. டாக்டர் மூன்று நாட்களுக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னார். உங்கள் கடிதத்தில் அதை எழுதவில்லை.

குரூப்பில் அறுநூறு குடும்பங்கள் இருக்கின்றன. நீங்கள் பயன்படுத்திய வார்த்தையைப் பார்த்துவிட்டு அன்றே பல பேர் மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

மிருதுளா


பம்மல்,
4 ஜூலை 2025

மேடம்,

சொல்லவில்லையா? யார் சொல்லவில்லை?

மேரி எழுதி அனுப்புகிறவள் இல்லை. அவள் விரல் மடங்காது, உங்களுக்குத் தெரியும். வாய்ஸ் மெசேஜ்தான். ஜூன் 7, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு இருபதுக்கு அனுப்பியது. இரண்டு நிமிஷம் பதினான்கு வினாடி. என் போனில் இருக்கிறது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தினம் கேட்கிறேன். உங்கள் போனிலும் இருக்கும். எடுத்துக் கடைசி வரைக்கும் கேளுங்கள்.

முதலில் ஸ்தோத்திரம் சொல்வாள். அப்புறம் உங்களுக்கு உடம்பு எப்படி, சாப்பிட்டீர்களா என்பாள். பம்மலில் தண்ணி லாரி வரவில்லை என்பாள். பிறகு வலி, எந்த விரல், எந்த முட்டி. கடைசியில்தான் வால்வு. அவள் எப்பவும் அப்படித்தான். முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்வாள். பெண் பார்த்துவிட்டு நாங்கள் பஸ் ஏறப் போகும்போதுதான் பின்னாலேயே வந்து, "எங்கப்பாவுக்கு உங்கள புடிக்கல, எனக்குப் புடிச்சிகீது" என்றாள். பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைசி வரைக்கும் நின்று கேட்டதால்தான் எனக்கு அவள் கிடைத்தாள்.

நான் தோல் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். கையுறைக்கு வெட்டுகிறவன். தோலில் கத்தி வைக்கிறதுக்கு முன்னால் முழுத் தோலையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பேன். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை போல.

இன்றைக்கு நிலைமை இது. ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கொடுத்தால் வயிற்றுப் புண் மறுபடியும் ஒழுகும். கொடுக்காவிட்டால் வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். எந்தப் பக்கம் போனாலும் பள்ளம் என்று பெரிய டாக்டரே சொல்லிவிட்டார். ஒவ்வொரு நாளும் காலையில் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். ரிப்போர்ட் வரும் வரை எனக்கு மூச்சு வராது.

நீங்கள் குறிப்பேட்டைப் பார்த்துப் பேசுகிறீர்கள்.

ஏசுபாதம்


மாடம்பாக்கம்,
7 ஜூலை 2025

ஏசுபாதம் அண்ணா,

கேட்டேன்.

ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டாவது வினாடியில் சொல்கிறார். "இன்னொண்ணு பாப்பா, எனக்கு வால்வு மாத்திகீது, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை போட்டுக்கினுகீறேன், அதோட இத சாப்பிட்டா ஒண்ணும் ஆவாதே, அதத்தான் கேக்கணும் டாக்டராண்ட." அதத்தான் கேக்கணும் என்றே சொல்லியிருக்கிறார். அதைத்தான் நான் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமை நாற்பத்து நான்கு கேள்விகள் வந்திருந்தன. பெரும்பாலும் வாய்ஸ் மெசேஜ்கள். வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பேன், கேள்வி புரிந்ததும் நிறுத்திவிட்டு எழுதிக்கொள்வேன். அக்காவின் மெசேஜில் 'வலி மாத்திரை சாப்பிடலாமா' என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். கேள்வி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் டாக்டர் கேட்டபோது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நேரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வாயில் பழகிய வார்த்தை வந்துவிட்டது.

நீங்கள் சொன்ன நாற்பத்தோராவது நிமிஷத்தைப் பார்த்தேன். நான் சிரிக்கிறேன். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் அதே நோய்தான். இருபத்து மூன்று வயதில் வந்தது. கேமராவில் சொன்னதில்லை. சொன்னால் என்னையும் நோயாளியாகப் பார்ப்பார்கள், கேள்வி கேட்கிற ஆளாகப் பார்க்க மாட்டார்கள் என்று பயம். அந்தச் சனிக்கிழமை எனக்கும் விரல் வீங்கியிருந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த வலி என்ன என்று தெரிந்த நானே பாதியில் நிறுத்தினேன், அதற்காகச் சொல்கிறேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

மையத்தில் எங்கள் நிகழ்ச்சிக்குப் பொறுப்பான ஸ்ரீரங்கன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோவைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம், நேரலையில் வாயைத் திறக்க வேண்டாம் என்கிறார். "நீ ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு மையம் இந்த ப்ரோக்ராமையே இழுத்து மூடிடும். அறுநூறு குடும்பத்துக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொல்வதும் பொய் இல்லை.

வீடியோவை நேற்று எடுத்துவிட்டேன். உங்கள் நம்பரையும் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா? இவ்வளவு போதுமா அண்ணா? போதாது என்றால் சொல்லுங்கள். எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை.

மிருதுளா


பம்மல்,
10 ஜூலை 2025

மிருதுளா,

நம்பரைத் திறந்ததைப் பார்த்தேன். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் தபாலிலேயே எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

மூன்று நாள் என்று டாக்டர் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன்.

பதினொரு நாள் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மேரி எழுந்து தானே காபி போட்டாள். டம்ளரைப் பிடித்து எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ரெண்டு வருஷமாக அவள் கையால் நான் காபி குடிக்கவில்லை. "இன்னா மாத்திரை இது, கை தானா மடங்குது பாரு" என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். நாலாம் நாள் நான் போய் இன்னொரு அட்டை வாங்கினேன். ஆறாம் நாள் மீன் குழம்பு வைத்தாள். ஒன்பதாம் நாள் வயிறு எரிகிறது என்றாள், மோர் குடி சரியாகிவிடும் என்றேன். மெடிக்கல் ஷாப்காரரிடமும் வால்வு பற்றி நான் சொல்லவில்லை. டி.வி.யில டாக்டரே சொல்லிட்டாங்க என்று பெருமையாகச் சொன்னேன். உங்கள் நேரலையை நான் அப்படித்தான் சொல்வேன், டி.வி. என்று.

உங்கள் மேல் நான் எறிந்த கல்லில் பாதி என் தலைக்கு உரியது. இதை ஐ.சி.யு. டாக்டரிடமும் சொல்லவில்லை. "எத்தனை நாள் குடுத்தீங்க?" என்று கேட்டார். மூணு நாள் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். இன்றைக்குக் காலையில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போதாது.

அந்த வீடியோவை நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் என்னைப் போல எத்தனை பேர் டி.வி.யில டாக்டரே சொல்லிட்டாங்க என்று மெடிக்கல் ஷாப்பில் நின்றார்களோ? வால்வு மாற்றினவர்கள் எத்தனை பேரோ? வீடியோவை எடுத்துவிட்டால் அவர்கள் வீட்டு மாத்திரை அட்டை காணாமல் போய்விடுமா? அவர்கள் இன்றைக்கும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

ப்ரோக்ராமை மூடினால் மூடட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேரிக்கு மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கு வியாதி இருப்பது வெட்கமில்லை என்று தோன்றும் நேரம். ஆனாலும் சொல்லுங்கள். மேரியின் வாய்ஸை அப்படியே போடுங்கள், பொதுவாக்க வேண்டாம். என் பதினொரு நாளையும் என் பேர் போட்டே சொல்லுங்கள். பட்டறையில் எல்லாரும் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

இன்றைய ரிப்போர்ட்: ரத்தக் கசிவு நின்றிருக்கிறது. ரத்தம் உறையாத அந்த மாத்திரையை நாளைக்குக் கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கப் போகிறார்கள். ஒழுகினால் அவ்வளவுதான் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்துவிடுமாம்.

ஏசுபாதம்


மாடம்பாக்கம்,
14 ஜூலை 2025

அண்ணா,

நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் முழுவதும் எழுதுகிறேன்.

நேற்றுப் பதினோரு மணிக்குத் தொடங்கியதும், இன்று கேள்வி நேரம் கிடையாது என்று சொன்னேன். டாக்டர் சத்யபிரியாவுக்கு மட்டும் காலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தேன். அவர், "நான் கூட இருக்கேன், சொல்லு" என்றார். முதலில் என் கையை கேமராவுக்குக் காட்டினேன். எனக்கும் இதே நோய்தான் என்றேன். அதன்பிறகு அக்காவின் குரலைப் போட்டேன், இரண்டு நிமிஷம் பதினான்கு வினாடியும். ஸ்தோத்திரத்திலிருந்து தண்ணி லாரி வரை எதையும் வெட்டவில்லை. அது ஓடும்போதே ஸ்ரீரங்கன் சாரிடமிருந்து போன் மேல் போன். எடுக்கவில்லை.

குரல் முடிந்ததும் நான் எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று சொன்னேன். டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். உங்கள் கடிதத்தில் பதினொரு நாள் பற்றிய பகுதியை அப்படியே படித்தேன். மீன் குழம்பு வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர்தான் மிச்சத்தைப் படித்தார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக வலி மாத்திரை தொடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார்.

கமெண்டில் நிறையத் திட்டு வந்தது. வர வேண்டியதுதான். அதற்கு நடுவில் பொத்தேரியில் இருந்து அரிகிருஷ்ணன் என்று ஒருவர் எழுதியிருந்தார். 'எங்கப்பாவுக்கும் வால்வு. போன மாசம் பார்த்த உங்க வீடியோவ நம்பி நாலு நாளா அதே மாத்திரை. நேத்துல இருந்து மலம் கருப்பா போகுது. சாப்பிட்டது சேரலைன்னு நினைச்சோம்.' அதை நான் ஒரு எழுத்துகூட மாற்றாமல் படித்தேன். டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அது வயித்துக்குள்ள ரத்தம், இப்பவே கிளம்புங்க, மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க என்றார். ராத்திரி அவர் மெசேஜ் போட்டார். அட்மிட் செய்துவிட்டார்களாம், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்களாம்.

மையம் இன்று காலை என்னை நேரலையில் இருந்து நீக்கிவிட்டது. ப்ரோக்ராமை மூடவில்லை. டாக்டர் சத்யபிரியா மூட விடவில்லை என்று கேள்வி. அடுத்த மாதத்திலிருந்து யாரும் யாருக்காகவும் படிக்கப் போவதில்லை. கேட்பவர்கள் தாங்களே லைனில் வந்து கேட்கலாம்.

இன்றைக்கு ரிப்போர்ட் என்ன அண்ணா? போன் போட எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரே ஒரு வரி போதும்.

மிருதுளா


பம்மல்,
26 ஜூலை 2025

மிருதுளாவுக்கு,

பதில் எழுதப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. நல்ல செய்தியாக இருந்தால் எழுதலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நேரலையை ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பார்த்தேன். மேரியின் குரல் என் போனில் வந்தபோது பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மா, "யாருங்க, உங்க வூட்டுக்காரம்மாவா? எம்மாம் அன்பா பேசறாங்க" என்றார். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

மாத்திரையைத் தொடங்கிய மறுநாள் ஒழுகவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. 22ஆம் தேதி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பாதியாகிவிட்டாள். விரல் பழையபடி மடங்காது. காபி நான்தான் போடுகிறேன், வாயில் வைக்க முடியவில்லையாம், ஆனாலும் குடிக்கிறாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்ததையும் நான் செய்ததையும். காபி டம்ளரைத் தள்ளி வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு கைய காட்டுச்சாமே, இன்னா மாரி வீங்கிகீது?" என்றாள். அவள் உன்னை மன்னித்துவிட்டாள், அது அவள் சுபாவம். நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும் மன்னிக்கவில்லை. அந்தப் பொத்தேரிப் பையனின் அப்பா பிழைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வந்தது.

ஆகஸ்ட் 10ஆம் தேதி நேரலையில் அவளே லைனில் வந்து பேசப் போகிறாளாம். கேள்வி என்ன என்று என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். ஆனால் எப்படித் தொடங்குவது என்று நாலு நாளாக அரிசி டப்பாவைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். ஸ்தோத்திரம் இல்லை, தண்ணி லாரி இல்லை. நேற்று சமையலறை வாசலில் நின்று நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்:

"எம்பேரு செல்வமேரி. எனக்கு வால்வு மாத்திகீது, ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்புடறேன். இத மொதல்ல எழுதிக்கோங்க டாக்டர். எழுதிட்டீங்களா? அப்பால கேக்கறேன்."

ஏசுபாதம்